மருந்து உண்பதா? பொறுத்துக் கொள்வதா?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லா சகோதரர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். வயது முப்பத்தெட்டு. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். நான்காம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் வகுப்பில் ஓரிடத்தில் அமர்வதில்லை, சொன்னது மனதில் நிற்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கூறியதால், மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். மருத்துவர் மகனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, தம்மைப் பற்றியே கேட்பது போல் இவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல, இரண்டு மூன்று முறை வரவழைத்து, அவருடைய தாயாரையும் மனைவியையும் விசாரித்த பிறகு, "உங்களுக்கும் சிறு வயது முதல் இதே குறைபாடு இருந்திருக்கிறது. மருந்து உண்டு. விரும்பினால் முயன்று பார்க்கலாம். வீட்டில் கலந்து பேசி வாருங்கள்" என்று மருத்துவர் கூறிவிட்டார்.

"ஹள்ரத்! இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா? இது போதை மாத்திரை வகை என்று மச்சான் சொல்கிறார். ஈமான் பலவீனத்தால்தான் இப்படி மறதி வருகிறது என்று மாமா சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. "மறதி எல்லோருக்கும் உள்ளதுதான். ஸலவாத்தை அதிகப்படுத்துங்கள். பொறுமையாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "சரிங்க ஹள்ரத்" என்று அவரும் எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய மனைவி என் இல்லத்தாரிடம் வந்து கண்ணீர் விட்டிருக்கிறார். பிள்ளையின் கல்விக் கட்டணத்திற்காக எடுத்து வைத்த பணத்தை எங்கே வைத்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தவர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். மின் கட்டணம் கட்டாமல் மூன்றாவது முறையாக இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அந்தச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாராம்: "பொறுமையாக இருக்கும்படி ஹள்ரத் சொன்னார்களாம். யாரைப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள்? அவரையா, என்னையா?"

சகோதரர்களே! அந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை. தெரியாத ஒன்றில் அவசரமாகப் பதில் சொன்னதற்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டேன். மருத்துவம் அறிந்தவர்களிடம் விசாரித்தேன். எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதிடம் கலந்தேன். பின்னர் அந்தச் சகோதரரை நானே தேடிச் சென்றேன். அப்போது நான் அறிந்து கொண்டவற்றையே அவருடைய அனுமதியுடன், அவர் பெயரைக் கூறாமல், இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இது என்ன குறைபாடு?

மருத்துவ உலகில் இதனை ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். கவனக் குறைவும் மிகையான துடிப்பும் சேர்ந்த குறைபாடு என்பது இதன் பொருள். 1902ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி இலண்டனில் மருத்துவர்கள் சபையில் உரையாற்றியிருக்கிறார். ஆக, இது கைப்பேசி வந்த பிறகு முளைத்த புதுக் கதையன்று. வயது ஏற ஏறத் தானாகவே போய்விடும் என்றுதான் நெடுங்காலம் மருத்துவர்களும் எண்ணியிருந்தார்கள். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில்தான், பலருக்கு இது வளர்ந்த பின்னும் தொடர்கிறது என்பது தெளிவாயிற்று. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலும் இது குடும்ப வழியில் வருவது. அதனால்தான் மகனைக் காட்டப் போன தந்தை தம்மையே கண்டுகொண்டார்.

பிள்ளைப் பருவத்தில் ஓடித் திரிந்தவர், வளர்ந்த பிறகு ஓடமாட்டார். ஆனால் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். தொடங்கிய வேலையை முடிக்காமல் அடுத்ததில் கை வைப்பார். சாவி, பணம், ரசீது ஆகியவற்றைத் தொலைப்பார். சொன்ன நேரத்திற்கு வரமாட்டார். பிறர் பேசும்போது இடையில் குறுக்கிடுவார். பெண்களிடத்தில் இது வெளியே தெரியாமல் அமைதியாகவே இருந்துவிடுவதும் உண்டு. 'எந்நேரமும் கனவு காண்கிறாள், பொறுப்பில்லாதவள்' என்ற பெயரைச் சுமந்தே பல சகோதரிகள் வாழ்ந்து விடுகிறார்கள்.

இதைக் கேட்டவுடன், 'எனக்கும் இதுதான்' என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இரவு இரண்டு மணி வரை கைப்பேசியைத் தடவிவிட்டு ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை என்பவருக்கு இருப்பது நோயன்று. அவர் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் அது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, தொழில் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றெல்லாம் மருத்துவர்கள் வரையறை வைத்திருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, இரத்தச் சோகை, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். அவற்றை விலக்கிய பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

மறதி பாவமா?

'ஈமான் பலவீனம்' என்று அவருடைய மாமனார் சொன்னாரே, அதைச் சற்றுச் சிந்திப்போம்.

துல்யதைன் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நம்மில் பலரும் கேள்விப்பட்டதே. நான்கு ரக்அத் தொழுகை ஒன்றில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரண்டாவது ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பெரும் ஸஹாபாக்களே பேசத் தயங்கி நின்றபோது, துல்யதைன் (ரலி) அவர்கள் முன்வந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று பணிவுடன் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கிருந்தவர்களிடம் விசாரித்து, அது உண்மையென்று அறிந்ததும் எஞ்சிய ரக்அத்துகளை நிறைவேற்றி, ஸஹ்வு ஸஜ்தாச் செய்தார்கள்.

நபிமார்களின் மறதி நமக்குச் சட்டம் கற்பிப்பதற்காக அல்லாஹ் ஏற்படுத்தியது. அதை எவருடைய நோயோடும் நாம் ஒப்பிடுவதில்லை. ஆனால் அதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, மறதி பாவமன்று. இரண்டு, 'நீங்கள் மறந்துவிட்டீர்கள்' என்று அருகில் இருப்பவர் சொன்னால் கோபப்படாமல் விசாரித்து அறிய வேண்டும். மூன்று, மறந்ததை அப்படியே விட்டுவிடாமல் ஈடுசெய்ய வேண்டும்.

இந்தக் குறைபாட்டை இரத்தப் பரிசோதனையாலோ படம் பிடித்துப் பார்ப்பதாலோ கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் நம்மிடம் கேட்பார். நம்மோடு வாழ்பவர்களிடமும் கேட்பார். மனைவி சொல்வதை, தாய் சொல்வதை, 'என்னைக் குறை சொல்கிறார்கள்' என்று தள்ளிவிடாமல் கேட்பவருக்கே தம் நிலை விளங்கும்.

மருந்து தவக்குலுக்கு எதிரானதா?

நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்து கொள்ளும்படி அவர்கள் பணித்தார்கள் என்பதையும், முதுமையைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் மருந்தையும் வைத்தே இருக்கிறான் என்று தெரிவித்தார்கள் என்பதையும் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உடல் நோய்க்கு மட்டும்தான் இது என்று அங்கே பிரித்துக் கூறப்படவில்லை.

ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே இன்றி உடலின் கோளாற்றால் எழும் கவலை வேறு என்று பிரித்து, பின்னதற்கு உடல் வழியாகச் சிகிச்சை தேவை என்று சொன்னவர் அவர். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்களுக்கும் தனிப் பகுதி இருந்தது. நம் முன்னோர் மனநலச் சிகிச்சையைக் கண்டு வெட்கப்பட்டவர்கள் அல்லர்.

நாம் ஏன் வெட்கப்படுகிறோம்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்ததை நம் மாநிலம் மறக்கவில்லை. மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வருகிறது. அது வேறு, இது வேறு. கடை நடத்திக்கொண்டு, குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே மருத்துவரிடம் சென்று வருகின்ற விஷயம் இது.

எனக்கு நாற்பது வயது கடந்தபோது குர்ஆன் எழுத்துகள் மங்கத் தொடங்கின. கண்ணாடி போட்டுக்கொண்டேன். இமாமுக்குத் தவக்குல் குறைந்துவிட்டது என்று ஜமாஅத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கண்ணுக்கு ஒரு நியாயம், மூளைக்கு ஒரு நியாயமா? அதேவேளையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணாடி எழுத்தைக் காட்டுமே தவிர, ஓதக் கற்றுத் தராது. ஓதுவது என் பொறுப்பு. இந்த மருந்தும் அப்படித்தான். கவனிப்பதை எளிதாக்கலாம், எதைக் கவனிப்பது என்பதை அது தீர்மானிக்காது.

யாருடைய பொறுமை?

அப்படியானால் மருந்து உண்டே தீர வேண்டுமா? அதுவும் இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் தவக்குல் பற்றிய பகுதியில், தீங்கை நீக்கும் வழிகளைத் தரம் பிரிக்கிறார்கள். தாகத்திற்குத் தண்ணீர் போன்று உறுதியாகப் பலன் தருபவை ஒரு வகை. உயிருக்கு ஆபத்து என்னும்போது அதைக் கைவிடுவது தவக்குல் ஆகாது, அது தடுக்கப்பட்டதாகும். பெரும்பாலும் பலன் தரும் என்று எதிர்பார்க்கப்படும் மருந்துகள் மற்றொரு வகை. அவற்றை உண்பது தவக்குலுக்கு முரணாகாது, விடுவதும் தடுக்கப்பட்டதன்று. வெறும் ஊகத்தின் மீது செய்யப்படுபவை மூன்றாவது வகை. நாம் பேசும் மருந்தை இரண்டாம் வகையில் வைப்பதே பொருத்தம் என்று என் உஸ்தாத் கூறினார்கள். ஆகவே உண்பவரை ஈமான் குறைந்தவர் என்றோ, உண்ணாதவரைப் பாவி என்றோ சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வலிப்பு நோய் கண்ட ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறு மட்டும் வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள்.

இந்த ஹதீஸை நான் பலமுறை ஓதியிருக்கிறேன். அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பிறகுதான் இதில் ஒன்று எனக்கு உறைத்தது. முடிவை நபியவர்கள் அந்தப் பெண்மணியிடமே விட்டார்கள். அவர் தேர்ந்தெடுத்தது தம்முடைய வலியை. தாமே சுமக்கும் பொறுமையை. பிறர் தலையில் அதை ஏற்றி வைக்கவில்லை.

நம் சகோதரருடைய நிலை அதுவன்று. அவருடைய மறதியின் விலையை மனைவி கொடுக்கிறார், பிள்ளைகள் கொடுக்கிறார்கள், சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருக்கும் வியாபாரி கொடுக்கிறார். இவை ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமைகள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். தம் சிரமத்தைத் தாமே பொறுத்துக்கொள்வது ஸப்ரு. தம் குறையைப் பிறர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவதற்கு ஸப்ரு என்று பெயரில்லை. மருந்து உண்பது கட்டாயம் இல்லை. ஆனால் ஏதேனும் ஒரு வழியில் இதற்கு முயற்சி எடுப்பது கட்டாயம். நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

எழுதி வைத்தல்

அம்முயற்சியில் முதலாவது, மருந்தில்லாத வழி. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்கிறான் படைத்தவன். மனிதன் மறப்பவன் என்பதை அவனன்றி யார் அறிவார்?

ஆகவே எழுதி வையுங்கள். சாவிக்கு ஓர் ஆணி, ரசீதுக்கு ஒரு பெட்டி என்று வையுங்கள். ஐந்து வேளைத் தொழுகையோடு ஐந்து வேலைகளை இணையுங்கள். லுஹருக்குப் பின் பாக்கிக் கணக்கு, மஃரிபுக்குப் பின் பிள்ளையின் பாடம் என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையையும் வரவு செலவையும் மனைவி சிறப்பாகச் செய்வார் என்றால் அவரிடம் ஒப்படைப்பதில் இழிவில்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுக் குழு 2018இல் வெளியிட்ட நெறிமுறையும், முதலில் சூழலைச் சீர்செய்து பார்த்து, அதன் பின்னும் பாதிப்புத் தொடர்ந்தால் வளர்ந்தவர்களுக்கு மருந்து தரலாம் என்றே கூறுகிறது.

இது போதைப் பொருளா?

மச்சானுடைய ஐயத்திற்கும் பதில் வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்துதான் இதற்குப் பெரிதும் தரப்படுவது. இது மூளையைத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் பட்டியலிலும் இது உள்ளது. தவறான முறையில், மிகுந்த அளவில் எடுப்போர் அடிமையாகலாம் என்பதே காரணம். ஆகவே மச்சான் சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை.

மார்க்கம் மதுவைத் தடுத்ததற்குக் காரணம் அது அறிவை மூடுகிறது என்பதே. 'கம்ர்' என்ற சொல்லின் வேரிலேயே மூடுதல் என்ற பொருள் இருக்கிறது. நோயாளி ஒருவர் மருத்துவர் குறித்த அளவில் இம்மருந்தை உண்ணும்போது அறிவு மூடப்படுவதில்லை. சிதறிய கவனம் கூடுகிறது. தேவையுள்ளவர், தேவையான அளவில், மருத்துவரின் மேற்பார்வையில் உண்பதைப் போதை என்று சொல்ல முடியாது. அதே மாத்திரையைத் தேர்வுக்குக் கண்விழித்துப் படிக்க நண்பனிடம் வாங்கி விழுங்கும் மாணவனுக்கு இந்த அனுமதி கிடையாது. ஒருவருடைய மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுப்பதும் கூடாது.

தூண்டும் வகையைச் சேராத அடாமாக்ஸெட்டின் என்ற மருந்தும் உண்டு. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கூடு மாத்திரையாக வரும்போது, அந்தக் கூடு எதனால் செய்யப்பட்டது என்று மருந்தகத்தில் கேளுங்கள். மாற்று இருந்தால் மாற்றைக் கேளுங்கள். இல்லையெனில் உங்கள் பகுதி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

பலனும் பாதிப்பும்

2018ஆம் ஆண்டு, நூற்று முப்பத்து மூன்று சோதனை ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பெரும் ஆய்வு வெளியானது. பலன் இல்லாத போலி மாத்திரையைவிட இம்மருந்துகள் குறுகிய காலத்தில் நல்ல பலன் தருகின்றன என்று அது காட்டியது. நீண்ட காலப் பலனுக்கு அவ்வளவு சான்றுகள் இல்லை என்பதையும் அதுவே கூறியது. ஸ்வீடன் நாட்டில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இக்குறைபாடுள்ள ஆண்கள் மருந்து உண்ட காலங்களில் கடுமையான சாலை விபத்துகள் கணிசமாகக் குறைந்திருந்தன. பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு இரு சக்கர வாகனம் ஓட்டும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதிப்புகளும் உண்டு. பசி குறையும். உறக்கம் தள்ளிப் போகும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயரலாம். சிலருக்குப் படபடப்பும் எரிச்சலும் வரும். நீண்ட ஆண்டுகள் உண்பவர்களிடம் இரத்த அழுத்த நோய் சற்று மிகுதியாக இருப்பதாக 2023இல் வெளியான மற்றொரு ஸ்வீடன் ஆய்வு எச்சரித்தது. இதய நோய், கண்ணில் நீரழுத்தம், முன்பு கடும் மனநோய் கண்ட வரலாறு, குடும்பத்தில் இளவயது இதய மரணம் ஆகியவை இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுற்ற, பாலூட்டும் சகோதரிகளும் அப்படியே.

முடிவெடுக்கும் முறை

மருந்தைத் தொடங்குவது, வாழ்நாள் முழுவதற்கும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அன்று. இது ஒரு முயற்சி. நம் சகோதரரும் நானும் அமர்ந்து பேசியபோது இந்த ஒழுங்கில்தான் பேசினோம்.

முதலில் மஷ்வரா. மனைவியோடும், நோயை அறிந்த மருத்துவரோடும் ஆலோசனை. எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவு வராது. அடுத்து இஸ்திகாரா. மருத்துவரிடம் கேட்பதற்குப் பதிலாக இஸ்திகாரா செய்வது முறையன்று. விவரம் அறிந்த பிறகு, இரண்டு ரக்அத் தொழுது, இதில் நன்மை இருந்தால் எளிதாக்குவாயாக, தீமை இருந்தால் என்னைவிட்டும் திருப்புவாயாக என்று ரப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, எதை வைத்துப் பலனை அளப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 'மனம் நன்றாக இருக்கிறதா' என்பது அளவுகோல் அன்று. மின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டதா? வியாபாரிக்குச் சொன்ன தேதியில் பணம் போனதா? பிள்ளையிடம் கத்திய நாட்கள் குறைந்தனவா? மூன்று மாதம் கழித்து, கணவன் மனைவி இருவரும் தனித்தனியே எழுதியதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலன் இருந்தால் தொடரலாம். பாதிப்பு மிகுந்தால் மருத்துவரைக் கேட்டு நிறுத்தலாம். இரண்டுமே தோல்வி ஆகா.

நோன்பும் பயணமும்

இம்மருந்தில் மூன்று நான்கு மணி நேரமே வேலை செய்யும் வகை உண்டு. காலையில் ஒரு முறை உண்டால் பகலின் பெரும்பகுதிக்கும் நிற்கும் வகையும் உண்டு. ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, ஸஹர் நேரத்தில் உண்ணத்தக்கதாக மாற்ற இயலுமா என்று கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை வைத்திருக்கிறான் என்பது உண்மை. ஆயினும் நேரத்தை மாற்றி உண்ண வழியிருக்கும்போது நோன்பை நாமாக விடக் கூடாது; மருத்துவரைக் கேட்காமல் மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது.

உம்ரா, ஹஜ், வளைகுடா வேலை என்று பயணம் செய்வோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது போலவே அந்நாடுகளிலும் இத்தகைய மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டும் கடிதமும் இன்றி, அந்நாட்டு அனுமதி விதிகளை முன்பே விசாரிக்காமல், ஒரு மாத்திரையைக் கூடப் பெட்டியில் வைக்காதீர்கள். ஊரில் மருந்தாக இருந்தது விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

சகோதரிகளே! உங்கள் கணவரோ பிள்ளையோ மருந்து உண்ணத் தொடங்கினால், ஒவ்வொரு சச்சரவிலும் "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சொல் போதும், மாத்திரையை அவர் தூக்கி எறிவதற்கு.

சகோதரர்களே! 'எனக்கு நோய், நான் என்ன செய்வேன்' என்று நீங்களும் சொல்லாதீர்கள். நோய் என்பது நடந்ததற்கு விளக்கம். அது கடனை அடைக்காது. உடைந்த மனதை ஒட்டாது. கடந்த ஆண்டுகளில் யாருக்கெல்லாம் சிரமம் கொடுத்தீர்களோ அவர்களிடம் பொருத்தம் தேடுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரர் என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். மருந்தை முயன்று பார்ப்பதென்று முடிவெடுத்தார். முதல் இரண்டு வாரம் மதியச் சோறு இறங்கவில்லை. இரவு உறக்கம் வரவில்லை. மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றினார். மூன்று மாத முடிவில் அவருடைய மனைவி எழுதிய தாளில், மின் கட்டணம் மூன்று தவணையும் உரிய நாளில் கட்டப்பட்டதாகவும், கடைச் சாவியை மட்டும் இரண்டு முறை தொலைத்ததாகவும் இருந்தது. மற்றொரு சகோதரர் இதே மருந்தைத் தொடங்கி, இரத்த அழுத்தம் ஏறியதால் மருத்துவர் சொற்படி நிறுத்திவிட்டார். அவர் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டோடு, மனைவியின் உதவியோடு வாழ்க்கையை ஒழுங்குபடுத்தி வருகிறார். இருவருமே சரியானதைத்தான் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

முதலாமவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "ஹள்ரத்! சோம்பேறி, சோம்பேறி என்று அத்தா என்னை அடிப்பார்கள். அவர்கள் மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. நான் சோம்பேறி இல்லை என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?" அவருக்கு நான் சொன்னேன்: "அல்லாஹ்வுக்கு அது அன்றைக்கே தெரியும். அத்தாவுக்கு இது தெரியவில்லை. அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். உங்கள் மகனை மட்டும் அந்தப் பெயரால் அழைத்துவிடாதீர்கள்." அவர் தலை குனிந்து சிறிது நேரம் அழுதார்.

யா அல்லாஹ்! எங்கள் உடலின் நோய்களுக்கும் உள்ளத்தின் நோய்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் மீதுள்ள அமானிதங்களை நிறைவேற்ற எங்களுக்கு உதவி செய்வாயாக! எங்கள் மறதியால் சிரமப்பட்டவர்களின் உள்ளங்களை எங்கள் பக்கம் இளகச் செய்வாயாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.